தரங்கம்பாடி: கோட்டைச் சுவருக்கு வெளியே இருக்கும் ஊர்

காரைக்காலுக்கு வடக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில், மயிலாடுதுறை மாவட்டக் கடலோரத்தில் இருக்கிறது தரங்கம்பாடி. வருகிறவர்களில் பெரும்பாலோர் நேராகக் கோட்டைக்குப் போவார்கள். மதில் மேல் ஏறிப் படம் எடுப்பார்கள், அரை மணி நேரத்தில் வண்டியைத் திருப்புவார்கள். 'டேனிஷ் கோட்டை பார்த்தாயிற்று' என்பதோடு ஊர்க் கணக்கு முடிந்துவிடும். ஆனால் கோட்டை இந்த ஊரின் தென்கிழக்கு மூலை மட்டும்தான். மதில், வாயில், வீதி, இரண்டு தேவாலயங்கள், பள்ளிவாசல், கடல் தின்ற சிவன் கோயில், திண்ணை வீடுகள் எல்லாம் சேர்ந்த ஒரு முழு ஊர் இங்கே மிஞ்சியிருக்கிறது. தமிழகக் கடற்கரையில் ஐரோப்பியர் ஆண்ட வேறு எந்தத் துறைமுகத்திலும் பழைய ஊரமைப்பை இவ்வளவு தெளிவாகப் பார்ப்பது அரிது. அது எப்படி மிஞ்சியது, இப்போது எதனால் கரைகிறது என்பதே இங்கு பேச வேண்டிய செய்தி.

டென்மார்க் நாட்டவரான டேனியர் வருவதற்கு முன்பே இது துறைமுகம். அதற்குச் சாட்சி கடலோரத்தில் நிற்கும் மாசிலாமணி நாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஐ ஒட்டி எழுந்தது. கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் சொல்கிறது. அரசன் பெயரோடு 'பட்டினம்' சேர்ந்து வருவது, அப்போதே வணிகர் நடமாட்டம் இருந்த இடம் என்பதற்குப் போதுமான குறிப்பு. கட்டியபோது கோயிலுக்கும் அலைக்கும் இடையே நல்ல நிலப்பரப்பு இருந்தது. பிறகு கடல் உள்ளே வந்து முன்மண்டபத்தை விழுங்கியது. பல தலைமுறைகளுக்கு இடிந்த முகப்போடும் செங்கல் விமானத்தோடும் அலையில் நனைந்து நின்ற இந்தக் கோயில்தான் ஊரின் மிகப் பழைய கட்டடம். சுற்றுலாத் துண்டறிக்கைகளில் இது கடைசி வரிக்குத் தள்ளப்படுவது சரியல்ல.

டேனியர் கதை 1616-இல் கோபன்ஹேகனில் தொடங்குகிறது. மன்னர் நான்காம் கிறிஸ்டியான் டச்சு, ஆங்கிலக் கம்பெனிகளைப் பார்த்துத் தானும் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமம் தந்தார். 1618-இல் ஓவே கெடே என்ற இளம் தளபதி தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. அவருக்கு முன்பே ஒரு கப்பலில் வந்த ரோலண்ட் கிராப்பே காரைக்கால் கடலில் போர்ச்சுக்கீசியரிடம் கப்பலை இழந்தார். தப்பிக் கரையேறி, தஞ்சை இரகுநாத நாயக்கரின் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தார். நாகப்பட்டினத்தில் போர்ச்சுக்கீசியர் வலுத்துக் கிடந்த காலம் அது. அவர்களுக்குப் போட்டியாக இன்னொரு வணிகர் கூட்டம் தம் கரையில் இருப்பது நாயக்கருக்கும் லாபம். 1620 நவம்பரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கடலோரமாக ஏறத்தாழ 8 கி.மீ. நீளம், 4 கி.மீ. அகலமுள்ள நிலம், கோட்டை கட்டும் உரிமை, அதற்கு ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகை. நாயக்கர் டேனிஷ் மன்னருக்குத் தமிழில் எழுதித் தெலுங்கில் கையொப்பமிட்ட பொன்னோலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டேனியர் இந்த நிலத்தை வாளால் பிடிக்கவில்லை என்பதை நினைவில் கொள்ளவேண்டும். தஞ்சை அரசர்களுக்குக் குத்தகை கட்டிய குடித்தனக்காரர்கள் அவர்கள். குத்தகை பாக்கி விழுந்தபோதெல்லாம் தஞ்சைப் படை வாசலுக்கு வந்தது.

கோட்டைக்கு டான்ஸ்போர்க் என்று பெயர். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு சரிவக வடிவில் எழுப்பியது. உள்ளே கடற்பக்கமாக நீளும் முதன்மைக் கட்டடம் சுமார் 60 மீட்டர் நீளமும் 11 மீட்டர் அகலமும் கொண்டது. கீழ்த்தளத்தில் சரக்கறை, வெடிமருந்துக் கிடங்கு, சமையலறை, சிறை. மேல்தளத்தில் ஆளுநர், வணிகர், பாதிரியார் தங்கும் அறைகள். மேல்தளக் கூடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். திமில் போலப் புடைத்த கூரை வளைவுகளின் பாரம் நடுத்தூணில் வந்து இறங்குகிறது. இரும்போ மரவிட்டமோ இல்லாமல் வளைவின் மேல் வளைவாக ஏற்றிய வேலை. கீழ்த்தளம் ஏன் இவ்வளவு இருட்டு, சுவர் ஏன் இவ்வளவு தடிப்பு என்ற கேள்விக்கும் பதில் அதுதான். வளைவுகள் வெளிப்பக்கமாகத் தள்ளும் விசையைத் தாங்கத் தடித்த சுவர் வேண்டும், அதில் பெரிய சன்னல் திறக்க முடியாது. கோட்டையைச் சுற்றி அகழியும் தூக்குப் பாலமும் இருந்தன, இரண்டும் போய்விட்டன. கிழக்கே கடலை ஒட்டி நின்ற வெளிமதிலைக் கடலே எடுத்துக்கொண்டது.

டேனியர் தேடி வந்தது மிளகு. தஞ்சைச் சீமையில் மிளகு விளையாது. இங்கே வாங்கிய பருத்தித் துணியைக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய் மிளகுக்கும் கிராம்புக்கும் மாற்றுவதே வியாபாரம். 17ஆம் நூற்றாண்டில் இந்தத் துறையிலிருந்து அடிமைகளும் ஏற்றுமதியானார்கள். இதைப் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்வதில்லை. சந்தைச் சில்லறைக்கு ஊரிலேயே நாணயச்சாலை நடந்தது: முதலில் ஈயம், பிறகு செம்பு. 80 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய் என்பது கணக்கு. டேனியர் தங்கள் ஏட்டிலும் 'காஸ்', 'ஃபானோ' என்றே எழுதிக்கொண்டார்கள். கடல் மணலை அரித்துப்போன நாட்களில் அரச முத்திரையிட்ட இந்தச் செப்புக் காசுகள் கரையில் அகப்படும்.

ஊர் மதிலுக்கு வருவோம். இது இந்த ஊர் வரலாற்றிலேயே விசித்திரமான பகுதி. 1640 அளவில் டென்மார்க்கிலிருந்து கப்பல் வருவது நின்றுபோனது. ஐரோப்பாவில் போர், கஜானா காலி. 1650-இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். அந்தச் செய்திகூட ஒழுங்காக வந்து சேராத ஊரில் டேனியர் ஒவ்வொருவராக மாண்டார்கள். கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பக்கே என்ற சாதாரண மாலுமி 1655 முதல் ஆளுநர் பொறுப்பைத் தானே ஏற்று ஊரை நடத்தினார். வங்கக் கடலில் போகும் கப்பல்களைப் பிடித்துக் கொள்ளையிட்டு வருமானம் தேடினார். தஞ்சைப் படையைத் தடுக்க ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். 1669-இல் நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரு டேனிஷ் கப்பல் வந்தபோது கோட்டையில் டேனிஷ் கொடி பறந்துகொண்டிருந்தது. இன்று தரங்கம்பாடியின் தெருக்கள் ஒரு கட்டத்துக்குள் அடங்கி நிற்பதற்குக் காரணம் இந்த மாலுமி கட்டிய மதில். மதிலின் பெரும்பகுதி போய்விட்டாலும் அது வகுத்த எல்லை போகவில்லை. மதிலுக்குள் இருந்தது பழைய ஊராகவும், வெளியே வளர்ந்தது அடுத்த ஊரான பொறையாறு பக்கமாகவும் இன்றுவரை பிரிந்து தெரிகிறது.

நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் நுழையும் வெள்ளை வாயில் அந்த மதிலின் மேற்கு வாயில். 1660களில் கட்டிய முதல் வாயில் சிதைந்தபின், ஆளுநர் பீட்டர் ஆங்கர் காலத்தில் 1792-இல் மறுபடி கட்டியது இது. நெற்றியில் டேனிஷ் அரச முத்திரையும் ஆண்டும் இருக்கும். நார்வேக்காரரான ஆங்கர் ஓவியரும்கூட. அவர் வரைந்த தென்னிந்திய நிலக்காட்சிகள் ஆஸ்லோவில் பாதுகாப்பாக இருக்கின்றன. வாயிலிலிருந்து கடல்வரை நேராகப் போவது கிங் தெரு. அதற்கு இணையாகக் குயின் தெரு. இவை தவிர அட்மிரல் தெரு முதலியவை. கிங் தெரு முடியும் இடத்தில் அணிவகுப்புத் திடல், அதன் தெற்கே கோட்டை.

கிங் தெருவின் பெரிய வீடுகளுக்கு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிதான் பொற்காலம். அதற்கும் காரணம் உண்டு. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் கடலில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் டென்மார்க் நடுநிலை நாடு. ஆங்கிலக் கம்பெனி ஊழியர்கள் தங்கள் கள்ளப் பணத்தையும் சரக்கையும் டேனிஷ் கொடி பறக்கும் கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அந்தத் தரகில் புழங்கிய பணம்தான் தூண் வைத்த முகப்புகளாக நிற்கிறது. திடலைப் பார்த்து நிற்கும் ஆளுநர் மாளிகையும் 1784-ஐச் சேர்ந்ததே. 1807-இல் ஆங்கிலேயர் கோபன்ஹேகனைக் குண்டுவீசித் தாக்கினர், 1808-இல் தரங்கம்பாடியையும் பிடித்துக்கொண்டனர். 1815-இல் திருப்பிக் கொடுத்தபோது திரும்பி வந்தது ஊர் மட்டுமே, வியாபாரம் வரவில்லை.

டேனிஷ் வீட்டையும் தமிழ் வீட்டையும் பிரித்தறிவது எளிது என்று நினைப்பது தவறு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தவை. ஐரோப்பியர் வீட்டுக்குத் தெருப்பக்கம் தூண் வைத்த முகப்பு, உயர்ந்த கதவு, மரச் சட்டங்களைச் சாய்வாக அடுக்கிய சன்னல், பின்னால் தோட்டம். ஆனால் கட்டியவர்கள் இந்த ஊர்க் கொத்தனார்களும் தச்சர்களும். தளம் போட்டது மெட்ராஸ் ஒட்டு (மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கும் முறை), பூசியது கிளிஞ்சல் சுண்ணாம்பு. வடக்குப் பக்கத்துத் தெருக்களில், குறிப்பாகப் பொற்கொல்லர் தெருவில், திண்ணை, மரத்தூண், முற்றம், நாட்டு ஓடு என்று தமிழ் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றிலும் சில வீடுகளின் தூண் தலைப்பில் ஐரோப்பிய வேலைப்பாடு எட்டிப்பார்க்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு 'இன்டாக்' என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு இந்தத் தெருவில் பல வீடுகளைச் சுண்ணாம்பு வேலையிலேயே செப்பனிட்டது. கிங் தெரு மாளிகைகளைவிட இந்தச் சிறு வீடுகளைக் காப்பாற்றியதுதான் பெரிய வேலை. மாளிகைக்கு எப்போதும் ஒரு புரவலர் கிடைப்பார்.

இரண்டு தேவாலயங்கள் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. கிங் தெருவில் இருக்கும் சீயோன் ஆலயம் 1701-இல் கம்பெனிக்காரர்களுக்காகப் பிரதிஷ்டை ஆனது. 1706 ஜூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளுட்சோவும் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய மிஷனரிகளாக வந்து இறங்கினார்கள். கம்பெனி அதிகாரிகளுக்கு இவர்களைக் கண்டாலே ஆகவில்லை. கீழ்ச்சாதியாரும் அடிமைகளும் ஞானஸ்நானம் பெற்றால் வியாபாரம் கெடும் என்ற கவலை. 1707-இல் முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனியரிடம் அடிமைகளாக இருந்தவர்களே. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கென்று அதே ஆண்டில் கடலருகே எருசலேம் ஆலயம் எழுந்தது. மறு ஆண்டே ஆளுநர் ஹாசியுஸ் சீகன்பால்கைக் கோட்டைச் சிறையில் நான்கு மாதம் அடைத்தார். கடல் முதல் ஆலயத்தைச் சிதைத்ததால் 1718-இல் கிங் தெருவிலேயே புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவில் கட்டப்பட்டது. முகப்பில் பிரடெரிக்கின் கிரீடச் சின்னமும் ஆண்டும் தெரியும். மறு ஆண்டு 36 வயதில் இறந்த சீகன்பால்கின் கல்லறை உள்ளே பலிபீடத்தருகே இருக்கிறது. சீயோன் இன்று தென்னிந்தியத் திருச்சபையிடமும், புதிய எருசலேம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையிடமும் இருக்கின்றன. லுத்தரன் சபையார் பேச்சில் ஊர் 'தரங்கை'. அவர்களுடைய பேராயருக்கும் தரங்கைப் பேராயர் என்றே பெயர்.

அச்சகம் பற்றி ஒரு திருத்தம். 'தமிழின் முதல் அச்சகம் தரங்கம்பாடி' என்று பலகைகளிலும் பேச்சிலும் வருகிறது. தமிழ் எழுத்தில் அச்சிட்ட நூல் 1578-இலேயே கொல்லத்தில் வந்துவிட்டது, ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியார் தயாரித்தது. தரங்கம்பாடியின் பெருமை வேறு: இடைவெளிக்குப் பிறகு தமிழ் அச்சைத் தொடர்ந்து நடக்கும் தொழிலாக்கியதும், புதிய ஏற்பாட்டை முழுமையாகத் தமிழில் அச்சிட்டதும். இங்கிலாந்திலிருந்து அனுப்பிய அச்சு எந்திரம் வழியில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கியது. கூட வந்த அச்சர் பயணத்திலேயே இறந்தார். எந்திரம் மட்டும் 1712-இல் வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்தன. எழுத்து பெரிது. ஒரு பக்கத்தில் சில வரிகளே அடங்கின, காகிதம் பறந்தது. சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் முடிவதற்குள் காகிதம் தீரும் நிலை. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள், பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தை உருக்கி. மீதிப் புத்தகம் சிற்றெழுத்தில் 1715-இல் முடிந்தது. காகிதத்துக்குப் பொறையாறில் ஆலை வைத்தார்கள். அந்த இடம் இன்றும் கடுதாசிப் பட்டறை. ஓலையிலிருந்து காகிதத்துக்குத் தமிழ் மாறிய காலத்தின் நேரடித் தடயம் இந்த இடப்பெயர். ஆனாலும் அங்கே போய்ப் பார்ப்பவர் குறைவு. அட்மிரல் தெருவில் சீகன்பால்க் வாழ்ந்த வீடு 2017-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அச்சுத் தொழிலைப் புரிந்துகொள்ள அங்கே போகலாம்.

மிஷன் வீடுகளில் மதப்பணியோடு தாவரவியலும் நடந்தது. 1768-இல் மருத்துவராக வந்த ஜெரார்ட் கோனிக், ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர். ராட்லர், ஜான் போன்ற மிஷனரிகளும் செடி, சிப்பி, மீன் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அதனால், ஐரோப்பியர் இந்த ஊரை அழைத்த 'ட்ராங்குபார்' என்ற பெயரிலிருந்து வந்த 'ட்ராங்குபாரிகா' என்ற அடைமொழி பல உயிரினங்களின் அறிவியல் பெயரில் ஒட்டிக்கொண்டது. வயல்வெளிகளில் காணும் செந்நிறப் புறாவின் பெயர் 'ஸ்ட்ரெப்டோபெலியா ட்ராங்குபாரிகா'.

1845-இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியிடம் விற்றது. தஞ்சை மாவட்டக் கலெக்டர் சில காலம் இங்கே இருந்து ஆண்டார். 1860 அளவில் அலுவலகம் தஞ்சாவூருக்குப் போனது. 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, கப்பல்களும் அங்கே போயின. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர்கேஜ் பாதை 1926-இல்தான் வந்தது, 1986-இல் அதையும் மூடிவிட்டார்கள். இந்த வீழ்ச்சிதான் ஊரைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையில்லை. பணம் புழங்கிய துறைமுகங்கள் பழைய வீட்டை இடித்து மாடி கட்டின. இங்கே இடிக்கவும் பணமில்லை. கோட்டை பயணியர் விடுதியாகக் கிடந்தது, 1970களின் இறுதியில் மாநிலத் தொல்லியல் துறை எடுத்து அருங்காட்சியகமாக்கியது. ஆளுநர் மாளிகை அரசு அலுவலகமாக ஓடிப் பாழடைந்து, பின்னர் டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் உதவியோடு செப்பனிடப்பட்டது. கலெக்டர் பங்களா விடுதியாயிற்று.

இனிக் கட்டடங்கள் எதனால் நிற்கின்றன, எதனால் விழுகின்றன என்பது. கோட்டை முதல் திண்ணை வீடு வரை எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்: நாட்டுச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, தண்ணீரில் நீற்றி, சலித்து, குறைந்தது பத்து நாளாவது ஊறவிட்ட சுண்ணாம்பே வேலைக்கு ஆகும். நீறாத துகள் சாந்தில் போனால், சுவரில் ஏறிய பிறகு நீறிப் பருத்து, பூச்சைக் குழி குழியாகத் தெறிக்கவைக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு முதல் மூன்று பங்கு ஆற்று மணல் சேர்த்துச் செக்கில் அரைப்பார்கள். கடல் மணல் கூடாது, அதிலுள்ள உப்பு சுவருக்குள் குடியேறிவிடும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சாந்துக்குப் பிடிப்பு தரும். அதைக் கூடுதலாக ஊற்றுவதால் பலன் கூடுவதில்லை, பூஞ்சைதான் பிடிக்கும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெதுவாகக் கல்லாகும். ஆகவே பூச்சை மெல்லிய அடுக்குகளாகத்தான் ஏற்றவேண்டும். ஒவ்வொரு அடுக்கையும் வெயில் படாமல் மறைத்து நாள்தோறும் நனைக்கவேண்டும். ஒரே நாளில் ஒரு அங்குலம் ஏற்றினால் மேல்தோல் காய்ந்து வெடிக்கும், உள்ளே பச்சையாகவே கிடக்கும்.

மெட்ராஸ் ஒட்டுத் தளம் இன்னும் நுணுக்கம். சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகளைச் சுவரில் ஏற்றி, அவற்றின் மேல் ஒரு அங்குலத் தடிப்புள்ள சிறு செங்கற்களைச் சாய்கோணத்தில் குத்துவாக்கில் நிறுத்திச் சாந்து இட்டுப் பிடிப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் கொட்டி, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடிப்பார்கள். அடித்த கட்டை எகிறித் திரும்பவேண்டும், தளத்தில் தழும்பு விழக்கூடாது. அதுவரை, அதாவது ஒரு வாரம்வரை, வெல்லத் தண்ணீர் தெளித்து அடி தொடரும். மேலே தட்டோடு இரண்டு வரிசை. இந்தத் தளம் ஒழுகத் தொடங்கினால் குற்றவாளி பெரும்பாலும் தட்டோட்டு இணைப்பு அல்லது அடைத்த நீர்த்தாரை. ஒழுகும் தண்ணீர் நேராகச் சுவருக்குள் புதைந்த கட்டை முனைக்குப் போகும். முனை உளுத்து, கரையான் ஏறி, ஒரு மழைக்காலத்தில் அறையோடு இறங்கும். வெளியே பார்த்தால் கட்டை நன்றாகவே தெரியும். ஆணியால் சுவரோரத்தில் குத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும். முழுத்தளத்தையும் பிரிக்க வேண்டியதில்லை. கீழே முட்டுக்கொடுத்து, உளுத்த முனையை அறுத்துப் புதுத் தேக்கு ஒட்டலாம், சுவர்க் குழியில் காற்றோட்ட இடைவெளி விட்டு.

கடலோரச் சுவருக்கு முதல் எதிரி உப்பு. நிலத்தடி ஈரம் செங்கல் துளைகள் வழியே மேலேறும்போது உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். ஈரம் வெளியே ஆவியாகி, உப்பு பூச்சின் மேல் பூத்து, பூச்சுதான் உதிரும். சில ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பூச்சை மாற்றிவிட்டால் செங்கல் பிழைக்கும். இதே சுவருக்குச் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேறும் வாசல் அடைபடுகிறது. ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறும். உப்பு சிமெண்டுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லை மாவாக்கும். சில வருடங்கள் சுவர் புதிதுபோல் பளபளக்கும், பிறகு சிமெண்ட் பாளம் பாளமாகப் பெயரும்போது அரை அங்குலச் செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு வரும். ஊரைச் சுற்றினால் இடுப்பளவு உயரத்தில் பொரிந்த சுவர்களை அடிக்கடி காணலாம். அவற்றில் பல, நல்லெண்ணத்தோடு செய்த சிமெண்ட் வேலையின் விளைவு. பளபளக்கும் எமல்ஷன் பெயிண்டும் இதே கெடுதலைச் செய்யும். சுண்ணாம்பு வெள்ளைதான் பொருத்தம்.

இரும்பும் அப்படியே. ஒட்டுத் தளத்தைத் தாங்கப் பிற்காலத்தில் செருகிய இரும்புச் சட்டங்கள் உப்புக் காற்றில் துருப்பிடித்துப் பருத்து, சுற்றியுள்ள செங்கல்லை நெம்பிப் பிளக்கின்றன. மதில் வெடிப்பில் முளைக்கும் ஆல், அரசங்கன்றை இழுத்துப் பிடுங்குவது அடுத்த தவறு. வேர் அறுந்து உள்ளே நின்று மறுபடி துளிர்க்கும், இல்லையேல் பாதிச் செங்கல்லும் கையோடு வரும். தண்டை வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் செத்த பின் இணைப்பைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புவதே முறை.

கடைசியாகக் கடல். கோட்டை வெளிமதில், முதல் எருசலேம் ஆலயம், மாசிலாமணி நாதர் மண்டபம் எல்லாம் 2004-க்கு வெகுமுன்பே போனவை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மீனவர் குடியிருப்பில்தான் பேரழிவு செய்தது. கோட்டையும் பழைய பெருங்கட்டடங்களும் நின்றன. அதன் பின் கோயிலையும் கோட்டையையும் காக்கக் கரையில் பாறாங்கற்களைக் குவித்தார்கள். கல்லுக்குப் பின்னால் இருப்பது தப்பிக்கும். ஆனால் இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கல் குவியல் அந்த ஓட்டத்தைத் தடுப்பதால் அதற்கு வடக்கே உள்ள கரை பட்டினி கிடந்து அரிபடும். அலை நேராகக் கல்லில் மோதித் திரும்புவதால் முன்னாலுள்ள மணலும் வாரிக்கொண்டு போகப்படும். கட்டுமரம் ஏற்ற மணற்கரை வேண்டிய மீனவருக்கு இது நேரடி நஷ்டம். எனவே கற்சுவரை நீட்டிக்கொண்டே போவது தீர்வாகாது. அடியோட்டம் அளந்து, மணலைக் கொண்டுவந்து சேர்ப்பதையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

பார்க்கப் போகிறவர்கள் மயிலாடுதுறை அல்லது காரைக்காலில் ரயிலிறங்கிப் பேருந்தில் வரலாம். காலை ஏழு மணிக்குள் மாசிலாமணி நாதர் கோயிலில் தொடங்குவது நல்லது, வெயிலும் கூட்டமும் அப்போது இருக்காது. பிறகு பொற்கொல்லர் தெரு, அங்கிருந்து குயின் தெரு, கிங் தெரு வழியாக மேற்கு வாயில்வரை போய்த் திரும்பி, இரண்டு ஆலயங்களையும் சீகன்பால்க் வீட்டையும் பார்த்து, அருங்காட்சியகம் திறந்த பின் கோட்டைக்கு வரவேண்டும். வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. உள்ளே டேனிஷ் ஆவணங்கள், சீனப் பீங்கான், வாள், ஈட்டி, திமிங்கல எலும்பு என்று கலந்து கிடக்கும். பொன்னோலையை அங்கே தேடவேண்டாம், அசல் கோபன்ஹேகனில். ஞாயிறு காலையில் ஆலயங்களில் ஆராதனை நடக்கும், சுற்றிப் பார்ப்பதை அதற்குப் பின் வைத்துக்கொள்ளலாம். பொறையாறு கடுதாசிப் பட்டறைக்கும் போக நினைப்பவர்கள் மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கவேண்டும்.